ஐந்து பேர் உட்காரும் வண்டி

தப்பாக நினைக்காதீர்கள் சார். பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் ஆண்டிபட்டியில் ஏறியதிலிருந்து நீங்கள் பழைய காராகவே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். ஒரு சிவப்பு வண்டியிடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிவப்பை விட்டுவிடுங்கள் சார். அதன் பின்கதவைப் பாருங்கள், முன்கதவை விடக் கொஞ்சம் கூடுதலாக மினுங்குகிறது. எங்கேயோ இடித்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நேரில் போனால் காந்தம் ஒட்டாது.

ஆமாம், காந்தம்தான். சொல்கிறேன். எப்படியும் பஸ் இப்போது நகரப் போவதில்லை. கணவாய் வளைவில் வைக்கோல் லாரி குறுக்கே சாய்ந்து கிடக்கிறதாம். கண்டக்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அரை மணி என்கிறார். கண்டக்டர் சொல்கிற அரை மணி எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அவசரம்தான். என் தங்கச்சி மகளுக்கு இன்றைக்குக் காதுகுத்து. உசிலம்பட்டி தாண்டி, மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில். பத்தரைக்குள் குத்திவிட வேண்டும். நான்தான் தாய்மாமன். பிள்ளையை என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நான் போகாமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க முடியாது. அதனால் எனக்கு ஒன்றும் பதற்றம் இல்லை. அடிக்கடி மணி பார்க்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் காசிமாயன். சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பிப்பெட், பியூரெட், காந்தம், லென்ஸ் எல்லாம் என் பொறுப்பில். ஒரு பொருளைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பது எனக்கு வேலையிலேயே ஊறிப்போனது. கார் வாங்கும்போது அது எவ்வளவு உதவியது என்று நினைக்கிறீர்கள்!

எதற்குக் கார் என்று கேளுங்கள். இதே பிள்ளைக்கு, தன்ஷிகாவுக்கு, மூன்று வருஷம் முன்னால் மொட்டை போட்டார்கள். அன்றைக்கு மாமன் சீரை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். தட்டு, பழம், சேலை, வெண்கலப் பானை, அதற்கு மேலே எங்கள் அப்பா. கோயில் வாசலில் போய் இறங்குகிறோம், எங்கள் சித்தப்பா மகன் வீரணன் நிற்கிறான். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். புது வண்டி, பஸ் உயரத்துக்கு இருக்கும், அதில் சாய்ந்துகொண்டு கேட்கிறான்:

"என்னண்ணே, சீரு கொண்டு வந்தீங்களா, வீடு மாத்துறீங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். என் தங்கச்சி போதுமணியும் சிரித்தாள் சார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரித்தாள்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். காதுகுத்துக்கு மாமன் சொந்தக் காரில் வந்து இறங்க வேண்டும். குடும்பம் மொத்தமும் உள்ளே, சீர் மொத்தமும் டிக்கியில். டிக்கி இல்லாத வண்டி வேண்டாம். புதுசு நமக்குக் கட்டாது. பழசு, ஆனால் உறுதியான பழசு. உறுதி வேண்டும் சார், உறுதி. பளபளப்பு எதற்கு? பளபளப்பில் உட்கார முடியுமா?

கம்பத்தில் மைதீன் பாய் என்று ஒரு புரோக்கர். நல்ல மனுஷன். முதல் நாள் என்னை "வாங்க சார்" என்றார். பத்தாவது வண்டிக்கு "வந்துட்டீங்களா சார்" என்றார். அப்புறம் என் மொபெட் சத்தம் கேட்டதும் கடைப் பையனிடம் சொல்வார், "ரெண்டு டீ சொல்லு, அப்படியே ஒரு டம்ளர் தண்ணி. குடிக்க இல்ல, பானட்டுல வைக்க."

அதுதான் இரண்டாவது சோதனை. முதலாவது காந்தம். பள்ளிக்கூட லாடக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டே போவேன். தகரம் என்றால் பிடிக்கும். பட்டி பூசிய இடத்தில் வழுக்கிக்கொண்டு விழும். இரண்டாவது, எஞ்சினை ஓடவிட்டு, பானட்டில் தண்ணீர் டம்ளரை வைப்பது. தண்ணீர் லேசாக நடுங்கலாம். ஒரு வண்டியில் டம்ளர் தானாக நடந்து போய்க் கீழே குதித்தது. மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்பது. "டங்" என்றால் வேண்டாம். "தப்" என்று கேட்க வேண்டும். நெல் மூட்டையைத் தரையில் இறக்குகிற மாதிரி.

வடுகபட்டிப் பூண்டு வியாபாரி ஒருவருடைய வண்டி எல்லாவற்றிலும் தேறிவிட்டது. அப்பாவை உட்கார வைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து இறங்கி, "வண்டி நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ரசம் குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். விட்டுவிட்டேன்.

வீரணனுக்கு இது எப்படியோ தெரிந்துபோனது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறான்:

"காந்தம் ஒட்டுனா நல்ல வண்டின்னா எதுக்குண்ணே கம்பம் வரைக்கும் அலையுறீங்க? நம்ம ஊரு இரும்புக் கடையில எடைக்கு வாங்கிரலாமே."

நான் பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் பிள்ளைக்கு மூன்று வயசாகிவிட்டது. காதுகுத்தை நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், வண்டி அமையட்டும் என்று. போதுமணி போன் பண்ணி, "அண்ணே, நீ காரு பாத்து முடிக்கிறதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே வந்துரும் போல. காது குத்தாத பொண்ணுன்னு அவ மாப்பிள்ளை வீட்டுல சொல்லிக்கிறேன்" என்றாள். அவளுக்குத் தமாஷ். எனக்குத்தான் அந்த லோடு ஆட்டோ கண்ணிலேயே நின்றது.

கடைசியில் அமைந்தது சார். சாம்பல் நிறம். டிக்கி வைத்தது. ரிடையர் ஆன டாக்டர் ஒருவர் கை மாறாமல் ஓட்டிய வண்டி. காந்தம் பட்டதும் பச்சென்று கவ்வியது. கையால் இழுத்தால் வரவில்லை. தண்ணீரில் வளையம்கூட இல்லை. கதவு "தப்". நான் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்துவிட்டு எழுந்தேன். மைதீன் பாய் சொன்னார்: "சார், இந்த டாக்டரு அவரு பேஷண்டைக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாரு."

ஆனால் கடைசிச் சோதனை பாக்கி இருந்தது. குடும்பத்தோடு, சீரோடு பார்க்க வேண்டும். மறுநாளே எல்லாரையும் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீர்த் தட்டு, பானை எல்லாம் கூட எடுத்துப் போனேன். வாழைத்தார் அங்கேயே வாங்கிக்கொண்டோம். டிக்கியில் அடுக்கினேன். மூடினேன். மூடியது சார்! ஒரு பழம் நசுங்கவில்லை.

அப்பாவுக்கு இடுப்பு வலி, அதனால் முன்சீட்டு. பின்னால் அம்மா, மகன், மகள். ஓட்டுகிற சீட்டு காலியாக இருந்தால் வண்டி எப்படி அமுங்குகிறது என்று சரியாகத் தெரியாது. அதனால் என் மனைவி பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, "நீ அதுல உக்காரு, சும்மா எடைக்கு" என்றேன். உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். பொட்டைச் சரி பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

நாலு கதவையும் நானே சாத்தினேன். தப், தப், தப், தப். தள்ளி நின்று பார்த்தேன். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ மாதிரி இருந்தது சார். அஞ்சு பேர், அஞ்சு சீட்டு. ஒருத்தர் இடிபடவில்லை, ஒருத்தர் முகத்திலும் சுளிப்பு இல்லை. டயருக்கும் மேல் தகரத்துக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன், தாராளமாக இடம் இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

மைதீன் பாய்தான் பக்கத்தில் வந்து, "நீங்க சார்?" என்றார்.

"நான் உள்ள உக்காந்தா யாரு பாய் பாக்குறது?" என்றேன்.

அவர் என்னையும் வண்டியையும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவருகிற அன்றைக்குப் பாய்தான் ஓட்டினார். நான் மொபெட்டில் பின்னாலேயே வந்தேன், புகை எப்படி வருகிறது என்று பார்க்க. புகையே இல்லை.

ஓட்டுவதா? நான்தான் முதலில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்கு நன்றாகவே வந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி, இறங்கி, உயரம் பார்த்து, அப்புறம் ஏறி ஓட்டினேன். மாஸ்டருக்கு இந்த மாதிரி ஒரு மாணவன் கிடைத்ததில்லை போலிருக்கிறது. நாலாவது நாள் என்னை உட்கார வைத்து, "சார், உங்களுக்கு வண்டி பாக்குறதுதான் வாகா வருது. ஓட்டுறதுக்கு வேற யாராவது வீட்டுல இருக்காங்களா?" என்றார். எனக்குத் துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் எழுந்து, "நான் இருக்கேன்" என்றாள். ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வண்டி அப்படி சார். நல்ல வண்டியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம்.

வண்டி வந்து எட்டு மாசம் ஆகிறது, மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் நாள் அமைய இவ்வளவு காலம் ஆனது. ஒரு நாள் வழியில் நின்றதில்லை. மேகமலை போய் வந்தார்கள். சுருளி அருவி போய் வந்தார்கள். என் மாமியார் வீட்டுக்கு மாசம் ஒரு தடவை போகிறார்கள். வந்ததும் நான் முதலில் டயரைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு அதிகமா என்று. ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைப்பேன்.

என்ன கேட்டீர்கள்? சீட்டு எப்படியா? அருமையான சீட்டு சார். அப்பா சொல்வார், இடுப்பு வலியே தெரியவில்லை என்று. ஏசியா? மகள் குளிருது குளிருது என்பாள். குழியில் போட்டால் குலுக்குமா? அம்மா பெரியகுளம் போய் வருகிற வரைக்கும் தூங்கினாளாம். அப்புறம் என்ன வேண்டும்?

நானா? எனக்கு எதற்கு சார்? ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை ஐந்து என்று போட்டிருக்கிறது. ஐந்து என்றால் ஐந்துதான். நெருக்கி உட்காரலாம் என்று மகன் சொன்னான். நான்தான் விடவில்லை. கூடுதல் ஆளை ஏற்றினால் ஸ்பிரிங் இறங்கிவிடும். இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு நாமே கெடுக்கலாமா? பஸ் எதற்கு இருக்கிறது? நானும் பஞ்சவர்ணமும் மட்டும் போகிற மாதிரி வேலை இதுவரைக்கும் அமையவில்லை.

இன்றைக்கும் விடியற்காலையில் எழுந்து, சீரெல்லாம் நானே டிக்கியில் அடுக்கினேன். எல்லாரையும் உட்கார வைத்தேன். பஞ்சவர்ணம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறாமலே நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது நீங்க ஏறுங்க. மாமன் நீங்கதான். பிள்ளைங்க பஸ்ல வரட்டும்."

"பிள்ளைங்களை பஸ்ல அனுப்பவா காரு வாங்குனேன்?" என்றேன்.

"அப்ப நான் பஸ்ல வர்றேன். நீங்க ஓட்டிட்டு வாங்க."

நான் ஓட்டவா சார்! அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினேன். தப். நல்ல சத்தம். அவள் சிரிக்கவில்லை. காலையிலேயே என்ன கோபமோ. விசேஷத்துக்குக் கிளம்பும்போது பெண்களுக்கு இப்படி வரும்.

இருங்கள், போன் அடிக்கிறது. வீரணன்தான். இது மூன்றாவது தடவை. முதல் தடவை, "எங்கண்ணே வர்றீங்க?" என்றான். இரண்டாவது தடவை, "அண்ணே, உங்க காரு வந்திருச்சு, சீரு வந்திருச்சு, உங்களைத்தான் காணோம். டிக்கியில தேடச் சொல்லவா?" என்றான். பின்னாலே சிரிப்புச் சத்தம். அப்புறம் குரலை இறக்கி, "நேரமாகுதுன்னு பூசாரி சொல்றாரு. வேணும்னா மடி நான் குடுக்கிறேண்ணே. நானும் மாமன்தான?" என்றான். அக்கறையாகக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

அவன் மடியில் வைத்து அந்தப் பிள்ளைக்குக் காது குத்திவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. காது இரண்டும் அப்படியேதான் இருக்கும். ஆனால் இனிமேல் ஒவ்வொரு விசேஷத்திலும், அவள் சமைந்தால், அவள் கல்யாணத்தில், மாமன் எங்கே என்று கேட்டால் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சீர் கொண்டு வந்த ஆள். அவ்வளவுதான்.

எடுத்துவிடுகிறேன்.

"சொல்லுப்பா... ஆமா, கணவாய்லதான் நிக்குது... என்னது? பிள்ளையைக் காணோமா? நல்லாத் தேடுங்கப்பா, கோயில் யானையைப் பாக்கப் போயிருக்கும்... அங்க ஏது யானை, சரி, ஆட்டைப் பாக்கப் போயிருக்கும். உன் மதினி பஞ்சவர்ணத்தையும் காணோமா? அப்ப அவதான் ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா... வண்டியையும் காணோமா?"

வைத்துவிட்டான். பார்த்தீர்களா சார், இதுதான் எனக்குப் பிடிக்காதது. இந்த நேரத்தில் வண்டியை எதற்கு எடுத்தாள்? பூ குறைகிறதென்று கடைக்குப் போயிருப்பாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஆசாரி உட்கார்ந்திருக்கிறார், பூசாரி நிற்கிறார், பிள்ளை கடைவீதியில் சுற்றுகிறது! போன் போட்டுப் பார்க்கிறேன்.

எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் மட்டும் சரியாக இருப்பாள்.

மணி பத்து ஆகிவிட்டது. நடந்தே போய்விடலாமா என்று பார்க்கிறேன். எவ்வளவு தூரம் இருக்கும்? அது முடியாது, இல்லையா?

சரி, விடுங்கள். உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கி வைத்ததாகப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர்? நீங்கள், உங்கள் வீட்டுக்காரம்மா, இரண்டு பிள்ளைகள், அம்மாவா? அப்படியானால் அஞ்சு. சரியாக இருக்கும். என்ன சிரிக்கிறீர்கள்? எண்ணும்போது உங்களைத்தான் முதலில் எண்ணினீர்களா? அது எப்படி சார், பார்க்கிற ஆள்...

இருங்கள்.

அதோ பாருங்கள். லாரிக்கு அந்தப் பக்கம், வளைவில். சாம்பல் நிறம். முன் கண்ணாடியில் சந்தனம். நம்ம வண்டி சார் அது! இங்கே எதற்கு வந்தது? உள்ளே யாரும் இல்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை. இறங்குகிறாள் பாருங்கள், பஞ்சவர்ணம். இடுப்பில் பிள்ளை. பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. பூ குறையவில்லையே!

வைக்கோலை மிதித்துக்கொண்டு வருகிறாள் சார், பட்டுச் சேலையோடு. என்ன கத்துகிறாள்? ஜன்னலைத் தள்ளுங்கள், கேட்கவில்லை.

"...பிள்ளையை வச்சுக்கிட்டு அங்க நின்னா எவன் மடியிலயாவது உக்கார வச்சிருவாங்க. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். அவன் வெறும் மடியோட உக்காந்திருக்கட்டும். இறங்குங்க நீங்க! காலைல மாதிரி ஏதாவது சட்டம் பேசுனீங்க, பாருங்க!"

கேட்டீர்களா சார்? தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். எத்தனை பேர் நிற்கிற கோயிலில்! வாடா தங்கம், மாமன் வர்றேன், இந்தா வந்துட்டேன். கண்டக்டர், கொஞ்சம் கதவைத் திறங்கள். சார், அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள், காதுக்குப் போடுகிற கம்மல் அதில்தான் இருக்கிறது.

கோயிலுக்குத் திரும்பிப் போக நேரம் இருக்கிறது. நம்ம வண்டி போய்விடும். இதில் மூணே பேர்தான். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளையை இப்போதே மடியில் வைத்துக்கொள்கிறேன், அங்கே போய் இறக்காமல் அப்படியே...

வருகிறேன் சார். சிவப்பு வேண்டாம், மறக்காதீர்கள்.

சார், ஒன்றே ஒன்று. நீங்கள் இந்த மாதிரிக் காரில் உட்கார்ந்திருப்பீர்கள் அல்லவா? கோயில் வாசலில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெளியிலிருந்து அந்தக் கதவை எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன், சாத்தியிருக்கிறேன். உள்ளேயிருந்து எதைப் பிடித்து இழுத்தால் திறக்கும்?